ஓரமாக வைத்த கடிதம்

போன வாரம் நாம் நடுரோட்டில் விட்டுவிட்டு வந்த காரை யாரோ ஓரங்கட்டிவிட்டார்கள். அதைப் பற்றி இனிக் கவலை இல்லை. கவலையெல்லாம் அதற்குள் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளைப் பற்றித்தான்.

அவளை எல்லோரும் 'பிரேக் டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. பன்னிரண்டு வருடமாக அவள் கால் அதன்மேல்தான் குடியிருக்கிறது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட யாராவது படபடவென்று பேசினால் அவள் கால் தானாகத் தரையை அழுத்தும். புருஷன் அதைப் பார்த்துச் சிரிப்பான். சிரித்து இரண்டு மாதம் ஆகிறது.

பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி, ரத்தமாகப் போகிற வியாதி அவளுக்கு. ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை, தின்றது சேராமல் வந்ததும் இல்லை, அவள் செய்த தப்பு எதுவும் இல்லை, ஆனால் ஆயுசுக்கும் கூடவே இருக்கும், மருந்தால் அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடக்கி வைக்கிற வரைக்கும் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எந்தத் தெருவில் எந்தக் கடையில் கழிப்பறை உண்டு என்று பார்த்து, பாடம் நடத்தும் பாதையை அதற்கேற்ப மாற்றிக்கொண்டாள். அவளிடம் படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஊரின் பெட்ரோல் பங்குகளுக்குள் வண்டியைத் திருப்புவதில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கெட்டிக்காரத்தனம் உதவவில்லை. ரவுண்டானாவில் அவள் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது நாள் மாணவி ஒருத்தி அழுதாள். பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடித்தன. ஸ்கூல் முதலாளி மாலையில் கார் சாவியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கொண்டுவந்தால்தான் சாவி என்றார்.

கடிதம். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வாரமாக அவள் வாழ்க்கை ஒரு கடிதத்தின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏழு வாரத்துக்கு முன்னால், அதே டாக்டர், அதே அறையில் சொன்னார்: "இனிமே சந்தேகம்னா என்னைத் தேடாதீங்க. இந்த வியாதிக்குன்னே நம்மகிட்ட ஒரு சிறப்பு நர்ஸ் இருக்காங்க. மாத்திரை ஏத்தறது, குறைக்கிறது, ரத்தப் பரிசோதனை, எல்லாம் அவங்கதான் பார்ப்பாங்க. இன்னிக்கே கடிதம் எழுதறேன். ரெண்டு நாள்ல அவங்களே உங்களுக்குப் போன் பண்ணுவாங்க."

பண்ணவில்லை. இரண்டு நாளிலும் இல்லை, இரண்டு வாரத்திலும் இல்லை.

கையில் ஒரு மருந்துச் சீட்டு மட்டும் இருந்தது. முதல் வாரம் எட்டு ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு வாரத்துக்கு ஒன்று குறைக்க வேண்டும். மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. நாலாவது வாரம் ஐந்து மாத்திரைக்கு இறங்கினதும் ரத்தம் திரும்பி வந்தது. தொடர்ந்து குறைப்பதா, ஏற்றுவதா, அப்படியே நிறுத்துவதா? சீட்டில் அதற்குப் பதில் இல்லை. ஆஸ்பத்திரி விசாரணை எண்ணுக்கு இருபத்து மூன்று தடவை போன் போட்டாள். இருபத்திரண்டு தடவை பதிவு செய்த குரல் ஒன்று உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லி, இசை போட்டு, கத்தரித்தது. இருபத்து மூன்றாவது தடவை ஒரு மனிதக் குரல் வந்தது. கடிதம் பதிவாகவில்லை, பதிவாகாமல் நர்ஸுக்கு இணைப்புத் தர முடியாது, காத்திருங்கள் என்றது. எங்கே பதிவாக வேண்டும், யார் பதிவு செய்ய வேண்டும் என்று அவள் கேட்பதற்குள் மறுபடி இசை. டாக்டரும் அதற்குள் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

அவள் சீட்டில் எழுதியிருந்தபடியே குறைத்துக்கொண்டு வந்தாள். விதிப்படி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் வேறு என்ன செய்வாள்?

இந்த இடத்தில் தொடரை விடாமல் படிக்கிற நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். புருஷனின் தங்கை, அவள் நாத்தனார், அதே ஆஸ்பத்திரியில்தானே வேலை பார்க்கிறாள்? ஆமாம். அதுவும் கடிதங்களைப் பதிவு செய்கிற பிரிவில். ஒரு டாக்டர் இன்னொரு பிரிவுக்கு எழுதும் கடிதம் எல்லாம் தரைத்தளத்தில் ஐந்து மேஜைகள் உள்ள அந்த அறைக்கு வந்து, கணினியில் ஏறி, நம்பர் வாங்கி, பிறகுதான் போகிற இடத்துக்குப் போகும். மூன்றாவது மேஜை நாத்தனாருடையது.

வீட்டில் அவளுக்குப் பெயர் 'சட்டம்'. "சட்டம் குளிச்சாச்சா?" "சட்டத்துக்கு ஒரு டீ" என்றுதான் அவள் அண்ணன் பேசுவான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு தடவை கேபிளில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவனை, வரிசையில் நின்று டோக்கன் வாங்கச் சொன்னவள் அவள். உயிர் போகிற காயம் இல்லையே என்றாள். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான்.

மூன்றாவது வாரம் அண்ணி அவளிடம் வாய்விட்டுக் கேட்டாள். சட்டம் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். சொந்தக்காரர்களின் ஃபைலைத் திறக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, அதைப் பற்றி விசாரிக்கவும் கூடாது, தெரிந்தால் வேலை போய்விடும், வரிசைப்படி தானாக வரும் என்றாள். அண்ணிக்கு வருத்தம்தான், ஆனால் உள்ளுக்குள் ஒரு மரியாதையும் இருந்தது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி அரை அடி போனாலும் மாணவர்களைத் திட்டுகிறவள் அவள். சட்டம் செய்தது சரி என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை, இனிமேல் போன் இல்லை, நேரில்தான் என்று முடிவுசெய்தாள். புருஷன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். போன மாதம் அவன் வந்து காவலாளியிடம் கத்தியதில் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். அதோடு ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, அவன் போயே ஆக வேண்டும். லிஃப்ட் போகிற பொந்துக்குள் இறங்கிவிட்டால் அவன் போன் வேலை செய்யாது. போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, அந்தக் கடிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறவன் யார் என்று மட்டும் தெரிந்துகொண்டு வா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சட்டம் அப்போது பக்கத்தில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும்போல் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடப் பயணம். நடுவில் இரண்டு தடவை பஸ்ஸை விட்டு இறங்கி, கழிப்பறைக்கு ஓடி, அடுத்த பஸ் ஏறினாள். இரண்டாவது தடவை படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

விசாரணை கவுன்ட்டரில் மூன்றாவது கவுன்ட்டருக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாவது கவுன்ட்டரில் விசாரணைக்குப் போகச் சொன்னார்கள். மறுபடி வந்து நின்றபோது விசாரணை கவுன்ட்டர் இளைஞன் அவளை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தான். அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்றான். அவள் அவனை விட்டுவிட்டுத் திரும்பினாள். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் போய், குடல் நர்ஸ் எங்கே உட்காருகிறார் என்று கேட்டாள்.

"ரெண்டாவது மாடி, கடைசி ரூம். டாய்லெட்டுக்குப் பக்கத்து ரூம் வேணும்னு அந்தம்மா சண்டை போட்டு வாங்கினது. வர்றவங்க ஓட வேண்டியிருக்கும்ல?" என்றாள் அந்த அம்மாள். அந்தக் கட்டடத்தில் அன்று அவளுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

கடைசி அறைக் கதவில் முன்பதிவு செய்தவர்கள் மட்டும் என்று எழுதியிருந்தது. அவள் தட்டாமலே திறந்தாள்.

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். நேற்று ஆறா, இன்றைக்கு நாலா, நல்லது, வயிற்று வலி குறைந்ததா, ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருந்ததா, மாத்திரையை இந்த வாரம் குறைக்க வேண்டாம், வியாழக்கிழமை நானே கூப்பிடுகிறேன் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைப் பிடித்தபடி நின்று அதை முழுக்கக் கேட்டாள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இப்படிக் கேட்கிற ஒருத்தர் இருக்கிறார். இந்தக் கட்டடத்தில், இந்த நாற்காலியில், ஏழு வாரமாக இருந்திருக்கிறார். யாரோ ஒருவருக்கு வியாழக்கிழமை போன் வரும். அவளுக்கு மட்டும் இசை.

போனை வைத்ததும் வெடித்தாள். தன் பெயரைச் சொல்லி, டாக்டரைச் சொல்லி, தேதியைச் சொல்லி, இருபத்து மூன்று போனையும் சொன்னாள். நான் என்ன பாவம் பண்ணினேன் என்று கேட்டாள். நர்ஸ் நடுவில் குறுக்கிடவில்லை. கணினியில் பெயரைத் தேடினார், மறுபடி தேடினார்.

"உங்க கடிதம் எனக்கு வரவே இல்லைம்மா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க, சிஸ்டர். வரலை, வரலை. அது நடந்தா வரும்?"

"கடிதத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல உட்காருங்க. இன்னிக்கு எத்தனை தடவை போனீங்க?"

மூன்று மாதத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. புருஷன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். சட்டம் ஆறிப்போன சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடி வைப்பாள். எத்தனை தடவை என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற விஷயம் இல்லை அது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ததுபோல இருந்தார்கள்.

"ராத்திரியிலேர்ந்து எட்டு" என்றாள்.

"ரத்தம்?"

"ஒவ்வொரு தடவையும்."

நர்ஸ் அதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நாடி நூற்றுப் பன்னிரண்டு. லேசாகக் காய்ச்சல். எடை எட்டு கிலோ குறைந்திருந்தது. மாத்திரை எத்தனை என்று கேட்டார். சீட்டுப்படி இந்த வாரம் இரண்டு என்றாள். ரத்தம் எப்போது திரும்பியது என்று கேட்டார். அதையும் சொன்னாள். நர்ஸ் பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டார். அவருக்கும் கோபம் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ரத்தம் வந்த அன்னிக்கு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா, குறைக்கிறதை அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். மறுநாளே ரத்தம் எடுத்துப் பார்த்து, வேற மருந்துக்கு டாக்டரைப் பிடிச்சிருப்பேன். அதுக்குத்தான் நான் இங்க உட்கார்ந்திருக்கேன். இது பெட்டுல படுக்கிற அளவுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை."

"பெட்டுலயா?"

"இன்னிக்கே. இப்பவே."

நர்ஸ் ஒளிக்காமல் சொன்னார். மூன்று நாள் ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏறும். எத்தனை தடவை போகிறாள் என்று தினமும் எண்ண வேண்டும். மூன்றாம் நாள் எட்டுக்கு மேல் நின்றால் இந்த மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் அதைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு. அதற்கும் கேட்காவிட்டால் சர்ஜன் வந்து பேசுவார். பெருங்குடலை எடுத்துவிடுவது பற்றிப் பேசுவார்.

அவள் அழுதாள். பயத்தில் அழுததாக நர்ஸ் நினைத்திருக்கலாம். பயத்தில் இல்லை. நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு போனில் முடிந்திருக்க வேண்டியது இது என்று தெரிந்த வயிற்றெரிச்சலில் அழுதாள்.

அட்மிஷன் போட கடிதத்தின் பதிவு நம்பர் வேண்டும் என்றது கணினி. நம்பர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. நர்ஸ் எழுந்தார். "வாங்க. அது எந்தப் பொந்துல கிடக்குன்னு பார்ப்போம்" என்று, சக்கர நாற்காலி ஒன்றில் அவளை உட்காரவைத்துத் தானே தள்ளிக்கொண்டு தரைத்தளத்துக்கு வந்தார்.

ஐந்து மேஜைகள். மூன்றாவது மேஜையில் நாத்தனார். சக்கர நாற்காலியில் அண்ணியைப் பார்த்ததும் பாதி எழுந்து, வேலை நேரம் என்பது நினைவுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தாள். நர்ஸ் தேதியைச் சொல்லி, டாக்டர் பெயரைச் சொல்லி, அந்தக் கடிதம் எங்கே என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"அது அன்னிக்கே வந்தது, சிஸ்டர். நான் பார்த்தேன்" என்றாள் சட்டம். "நான் பதிவு பண்ணக் கூடாதுன்னு அடுத்த மேஜைக்குக் கொடுத்துட்டேன்."

எல்லோரும் அடுத்த மேஜையைப் பார்த்தார்கள். அங்கே கணினிக்கு உறை போட்டிருந்தது. நாற்காலியில் யாரோ அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். அந்த மேஜைக்காரி மறுநாளே பிரசவ விடுப்பில் போனவள். வேலைகளை மற்ற நாலு பேரும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். கடிதங்கள் போடும் தட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

காலி ஃபாரங்களுக்கு அடியிலிருந்து நர்ஸ்தான் அதை உருவினார். மேலே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. குண்டுகுண்டான கையெழுத்து. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் பால் வாங்கவும் என்று எழுதியிருக்குமே, அதே கையெழுத்து. 'இவர் என் உறவினர். விதிப்படி நான் பதிவு செய்யக் கூடாது. தயவுசெய்து நீங்கள் பதிவு செய்யவும்.' கீழே தேதி, கையெழுத்து, நேரம்கூட இருந்தது. காலை பத்து இருபது.

இரண்டாவது மேஜைக்காரர் அந்தச் சீட்டைப் போன மாதமே பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பேருக்குள் உள்ள விஷயம் என்று திரும்ப வைத்துவிட்டாராம்.

அண்ணி அந்தச் சீட்டைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தாள். அவள் கத்துவாள் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். குரல் எழும்பவில்லை. எழும்பத் தெம்பு இல்லை.

"நாற்பத்தொன்பது நாள் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்க. உங்கண்ணன் கத்தினதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்க. பக்கத்து மேஜைதான். எட்டிப் பார்த்தா தெரியும். என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கலையா நீ?"

"பதிவாகி இருக்கும்னு நினைச்சேன் அண்ணி. கேட்டா, அதுவும் விசாரிக்கிறதுதான். விதியில..."

"விதியைச் சொல்லாத."

அண்ணிக்கு அவளைப் பார்த்து இரக்கம் வரவில்லை. ஒரு துளிகூட வரவில்லை. லஞ்சம் வாங்கினவள் என்றால் திட்டலாம், சோம்பேறி என்றால் காறித் துப்பலாம். தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷியை ஓரமாக எடுத்து வைத்தவளை என்ன செய்வது?

இரண்டாவது மேஜைக்காரர் கடிதத்தை வாங்கி அடித்தார். நம்பர் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு வாரம் காத்திருந்த வேலை அந்த ஒரு நிமிட வேலைதான் என்று பார்த்தபோது நமக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்குள் சட்டம் ஒரு காரியம் செய்தாள். அலமாரியிலிருந்து புகார் ஃபாரம் ஒன்றை எடுத்து, சம்பந்தப்பட்ட ஊழியர் என்ற இடத்தில் தன் பெயரையும் பணி எண்ணையும் எழுதி, அண்ணி மடியில் வைத்தாள்.

"எழுதுங்க அண்ணி. தப்பு என்னோடதுதான். விசாரணை வரும். வரட்டும்."

அண்ணி ஃபாரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பேனா கேட்டாள். முதல் வேலையாக நாத்தனாரின் பெயரைக் குறுக்கே அடித்தாள்.

"உன் பேரை எழுதிக் கொடுத்தா உனக்கு ஒரு மெமோ வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவ. விதிப்படி தண்டனை ஆயிடுச்சு, முடிஞ்சதுன்னு நீ தூங்கிடுவ. அவ்வளவு சுலபமா உன்னை விடமாட்டேன். நீ எனக்குப் பதில் சொல்லு, ஃபாரத்துக்கு இல்ல."

பிறகு நர்ஸிடம் திரும்பி, எத்தனை பேரை நீங்கள் ஒருத்தராகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். அறுநூற்று நாற்பது என்றார் நர்ஸ். இன்னொருவர் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறாராம். நோயாளிகள் தரப்பில் புகார் எதுவும் இல்லையே என்று மேலிடம் பதில் எழுதுகிறதாம். புகார் சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் இசை கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மேலிடத்துக்கு எப்படித் தெரியும்?

அண்ணி எழுதினாள். டாக்டர் எழுதிய கடிதம் நர்ஸிடம் நேராகப் போகாமல் இந்த அறைக்கு ஏன் வர வேண்டும்? விடுப்பில் போகிறவரின் தட்டுக்கு யார் பொறுப்பு? விசாரணை எண்ணை எடுப்பதற்கு ஆள் உண்டா? அறுநூற்று நாற்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்று முடிவு செய்தவருக்கு என்றைக்காவது வயிறு வலித்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை எடுத்துவிடலாமா என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டார். முடியாது என்று கையெழுத்துப் போட்டாள்.

மதியத்துக்குள் மூன்றாவது மாடி வார்டில் கட்டில் கிடைத்தது. இடது கையில் ஊசி ஏறியது. நர்ஸ் தன் மேஜை எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். இதில் பதிவு செய்த குரல் வராது, நான் இல்லாவிட்டால் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுவேன் என்றார். டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கான கடிதத்தையும் அவரே எழுதுவதாகச் சொன்னார். வண்டியை நிறுத்தவும் இறங்கவும் அவளுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்குமாம். அந்த அட்டையை வலது கையில் வாங்கி, அவள் கீழே வைக்கவே இல்லை.

"உங்களை என்னால போன்ல பிடிக்க முடியலேன்னா வேற யாரைக் கூப்பிடணும்?" என்று கேட்டார் நர்ஸ். "உடனே போன் எடுக்கிற ஆளா சொல்லுங்க."

புருஷன் பெயர்தான் வாயில் வந்தது. அவன் இந்நேரம் எந்தப் பொந்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறானோ. சட்டம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

"அவ நம்பரை எழுதுங்க, சிஸ்டர்."

"மன்னிச்சிட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"இல்ல. மன்னிக்கிற எண்ணமும் இல்ல. ஆனா அவ போனை எடுப்பா. ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுப்பா."

நாத்தனார் தன் எண்ணைச் சொன்னாள். சொல்லும்போது இரண்டு தடவை தடுமாறினாள். நர்ஸ் ஒரு தாளை அவளிடம் கொடுத்தார். நேரம், எத்தனையாவது தடவை, ரத்தம் உண்டா, வலி உண்டா என்று கோடு போட்ட தாள். நாற்பது கட்டிலுக்கு மூன்று பேர்தான் வார்டில், நோயாளிகள் களைப்பில் எண்ண மறந்துவிடுவார்கள், ஒன்று விட்டுப்போனாலும் மூன்றாம் நாள் முடிவு தப்பாகிவிடும் என்றார்.

மூன்று மணிக்கு சட்டம் வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஐந்தாவது முயற்சியில் கிடைத்தான். கடிதத்தை ஓரமாக வைத்தது தான்தான் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். மஞ்சள் சீட்டைச் சொன்னாள். ஊசியையும் மூன்று நாளையும் சொன்னாள். எதற்கெடுத்தாலும் கத்துகிற அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. திரும்பி வந்தவளிடம் என்ன சொன்னார் என்று அண்ணி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அண்ணியின் முகம் மாறியது. பன்னிரண்டு வருடத்தில் அவன் பேசாமல் போனை வைத்து அவள் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு மறுபடி வயிற்றைப் பிசைந்தது. அண்ணி ஒரு கையால் ஊசிக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நாத்தனார் தாங்கப் பிடிக்க வந்தாள். கையைத் தட்டிவிட்டுத் தானே போனாள். நாத்தனார் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்றாள்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எழுது. பன்னிரண்டு."

நாத்தனார் எழுதினாள். அடுத்த கட்டம் காலியாக இருந்தது. வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கதவுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணி... ரத்தம் இருக்கா?"

உள்ளே குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இருக்கு. நிறைய. வலியும் இருக்கு. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி. சத்தமா படி. எனக்குக் கேட்கணும்."

நாத்தனார் படித்தாள். முதலில் முணுமுணுப்பாக வந்தது. கேட்கவில்லை என்றாள் அண்ணி. இரண்டாவது தடவை குரல் உடைந்தாலும் நிறுத்தாமல், வராந்தா முழுக்கக் கேட்கும்படி படித்தாள். மணி ஐந்து பத்து. பன்னிரண்டாவது தடவை. ரத்தம் உண்டு, நிறைய. வலி உண்டு.

படித்துவிட்டுத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மாடிப்படி முடிகிற இடத்தில், கை முழுக்க கிரீஸோடு, அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கத்தவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே, நடந்து வந்துகொண்டிருந்தான்.